பனியும் பந்தியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டமைத்து, யூட்யூபில் போடுகிறோம். வெளிநாட்டு பாப் வீடியோக்களில் வரும் குளிர்கால அழகு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த மாதிரி ஒரு காதல் தோல்விப் பாட்டை இந்த ஜனவரியில் எடுத்தோம். கொடைக்கானல் தாண்டி மன்னவனூர் போய், விடியற்காலை உறைபனியில் ஷூட்டிங். நீளக் கோட்டு வாடகைக்கு எடுத்தது. பனிமழை எடிட்டிங்கில் சேர்த்தது. பாட்டு என் சொந்தக் கதைதான். என் மாமா மகளை என் சினேகிதனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்தில் நான்தான் பந்தி விசாரித்தேன்.

வந்த கமெண்டெல்லாம் கேலி. "செல்லூர்ல எப்படா ஐஸ் மழை பேஞ்சது?" என்கிறார்கள். மண்ணின் மணம் இல்லை என்று சிலர். வெளிநாட்டுப் பாணியை எடுத்துக்கொள்வது தப்பா? பனியைக் கம்ப்யூட்டரில் போடுவது ஏமாற்றா? புல்லில் இருந்த நிஜப் பனி ஏன் சாம்பலாக வந்தது? வீடியோவை யூட்யூபிலிருந்து நீக்கிவிடலாமா? லிங்க் இணைத்திருக்கிறேன்.

கே., மதுரை

அன்புள்ள கே.,

பெயரைச் சுருக்கியது நான்தான். உங்கள் மாமா இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் மதுரையில் யார் எதைப் படித்துவிட்டு எந்த டீக்கடையில் சொல்வார்கள் என்று தெரியாது.

வீடியோவைப் பார்த்தேன். மெட்டு நன்றாக இருக்கிறது. மேல் ஸ்தாயியில் உங்கள் குரல் கொஞ்சம் உடைகிறது. அதை எந்த மென்பொருளாலும் சரி செய்துவிடாதீர்கள். பாட்டுக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது. நம் பாட்டுகளில் பனி ஏன் இவ்வளவு பெய்கிறது என்று சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மண்ணின் மணத்தை விட்டுத் தள்ளுங்கள். ஆர்மோனியம் இல்லாமல் மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் உண்டா? அது கடல் தாண்டி வந்த பெட்டிதானே. வெள்ளைப் பனி சாம்பலாக வந்ததற்குக் காரணம் கேமராவின் மீட்டர். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு அது வெளிச்சத்தைக் கணக்குப் போடும். பனியைக் காட்டினால் 'அடேயப்பா, வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் (கேமராவில் வெளிச்சத்தின் அளவு; ஒரு ஸ்டாப் கூட்டினால் இரட்டிப்பு) வரை நீங்கள்தான் கூட்டி வைக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் பனி ஏமாற்று இல்லை. ஹாலிவுட்டில் ஒரு காலத்தில் வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸைத்தான் பனி என்று தூவினார்கள். நடந்தால் நொறுங்கும் சத்தத்தில் வசனத்தைத் திரும்பப் பேசிச் சேர்க்க வேண்டியிருந்தது. 1939-இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் நடிகர்கள் தலையில் கொட்டியது ஆஸ்பெஸ்டாஸ்! 1946-இல் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்துக்கு, தீயணைக்கும் நுரையோடு சோப்பும் சர்க்கரையும் கலந்து சத்தமில்லாத பனி செய்தார்கள். அதை எடுத்தது நல்ல கோடையில். ஆகவே பொய்ப் பனி பிரச்சினை இல்லை. உங்கள் பனி எதன் மேலும் விழவில்லை என்பதுதான் பிரச்சினை. திரை முழுக்கக் கொட்டுகிறது, உங்கள் தோளில் ஒரு பொட்டு இல்லை. தலைமுடி காய்ந்து கிடக்கிறது. மன்னவனூரில் அந்த நேரத்துக்கு வாயிலிருந்து நிஜமாகவே ஆவி வந்திருக்கும். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால்தான் அது கேமராவில் தெரியும். நீங்களோ சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டீர்கள். காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்றை வீணாக்கிவிட்டு, காசு கொடுத்துப் பொய்யை ஒட்டியிருக்கிறீர்கள்.

கேலி செய்தவர்களை மன்னித்துவிடுங்கள். 2017-இல் வைகை அணையில் தெர்மாகோல் அட்டையை மிதக்கவிட்ட நாளிலிருந்து, வெள்ளையாக எது தெரிந்தாலும் நம்மூர்க்காரர்களுக்குக் கை பரபரக்கிறது.

இப்போது நான் நெடுநாளாகச் சொல்ல நினைத்த விஷயம்.

உங்கள் வீடியோவில் மொத்தம் ஒரே ஆள். நீங்கள். புல்வெளி, மரம், ஏரி, மறுபடி நீங்கள். மேலே பறந்து பார்த்தாலும் நீங்கள். நீங்கள் யாரைப் பார்த்து இந்தப் பாணியை எடுத்தீர்களோ, அவர்கள் இதைச் செய்யவில்லை. 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' வீடியோவை மறுபடி பாருங்கள். 1984-இல் வாம் என்ற பிரிட்டிஷ் பாப் குழு சுவிட்சர்லாந்தின் சாஸ்-ஃபே என்ற மலையூரில் எடுத்தது. 1991-க்குப் பிறகு ஸ்டார் டிவி வழியாக எம்டிவி என்ற பாட்டுச் சேனல் வந்தபோது, மொட்டை மாடியில் டிஷ் வைத்த கேபிள்காரர் தயவில் மதுரையில் நாங்களும் அந்த மாதிரி வீடியோக்களைப் பார்த்தோம். 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' வீடியோவில் வெளியே எங்கும் பனி. ஆனால் வீடியோ முழுக்கக் கூட்டம். சினேகிதர்கள் சேர்ந்து ஒரு வீட்டுக்கு வருகிறார்கள். பனிப்பந்து எறிகிறார்கள், மரத்தை அலங்கரிக்கிறார்கள், ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த மேஜையில்தான் பாடகர் ஜார்ஜ் மைக்கேலின் பழைய காதலி உட்கார்ந்திருக்கிறாள், அவருடைய சினேகிதனோடு. போன வருஷம் அவர் அவளுக்குக் கொடுத்த புரோச்சு (சட்டையில் குத்திக்கொள்ளும் நகை) இப்போது அந்தச் சினேகிதன் சட்டையில். எழுந்து வெளியே போய்விடலாம் என்றால் எங்கே போவது? வெளியே பனி. மேஜையில் ரொட்டியை நகர்த்த வேண்டும், சிரிக்க வேண்டும்.

அங்கே பனிக்காலம் என்றால் எல்லோரும் ஒரு கூரைக்குள் அடைபடும் காலம். யாரைப் பார்க்கக் கூடாதோ அவரோடும் ஒரே அறையில் இருந்தாக வேண்டும். நாம் அதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டோம். நம் பாட்டுகளில் பனி எதற்குத் தெரியுமா? ஆட்களை விரட்ட. 1961-இல் 'தேன்நிலவு' படத்துக்காகக் காஷ்மீர் போனது முதல் இன்றுவரை, நம் காதலர்கள் அங்கெல்லாம் போவது குளிருக்காக இல்லை. 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்க அங்கே ஒரு ஆள் கிடையாது. அதற்காகப் போகிறார்கள். பெண்ணுக்கு மெல்லிசுப் புடவையும் ஆணுக்குக் கம்பளிக் கோட்டும் என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். நியாயமான கிண்டல்தான். ஆனால் குளிர் உண்மையில்லாததால்தான் புடவை போதுமாக இருக்கிறது. உண்மையானது அந்த வெற்றிடம் மட்டும்.

'ரோஜா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1992. முதல் பாதியில் நெல்லைச் சீமைக் கிராமம். சாந்தி முகூர்த்தத்துக்கே ஊர்க் கிழவிகள் எல்லாம் வெளியே கூடி ஆடுகிறார்கள். அந்த ராத்திரியில் அந்தப் பெண்ணும் அவனும் ஒரு வார்த்தை ஒழுங்காகப் பேச முடிந்ததா? மனம் சேர்ந்த பிறகு வெள்ளை வெளேரென்று பனி. பாட்டில் மூன்றாவது மனிதர் இல்லை. (கதை காஷ்மீர், எடுத்தது மணாலி. அன்றைக்குக் காஷ்மீரில் நிலைமை அப்படி.) கிழவிகளையும் பனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான் அந்த வெள்ளைக்கு ஒரு அர்த்தம் வந்தது. பின்னால் வந்தவர்கள் கிழவிகளை வெட்டிவிட்டு, பனியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததில்லை. தொண்ணூறுகளில் மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் சித்தப்பா வீடியோ கடை வைத்திருந்தார். காலேஜ் விட்டதும் அங்கேதான் இருப்பேன். கல்யாணம் எடுத்த கேசட்டில் சினிமாப் பாட்டு, இதயம், பூ எல்லாம் சேர்ப்பதற்கு 'மிக்ஸிங்' என்று பெயர். எங்கள் கடையில் மிக அதிகம் கேட்கப்பட்டது பனிமலை. மொட்டை மாடியில் நீலத் துணி கட்டி, மாப்பிள்ளை பெண்ணை அதற்கு முன்னால் நிறுத்துவோம். வெயிலில் மல்லிகைப் பூ வாடி, வேர்வை கழுத்தில் ஓடும். நீலம் இருக்குமிடமெல்லாம் மிக்ஸர் பனிமலையைப் போட்டுவிடும். மலை வேறொன்றுமில்லை, ஒரு பேங்க் காலண்டரைக் கேமராவில் எடுத்தது.

ஒரு மேலூர்ப் பெண் நீலப் பட்டு கட்டிக்கொண்டு வந்துவிட்டது. மாற்றுப்புடவை எடுத்து வரச் சொல்லியும் கேட்கவில்லை. மிக்ஸிங்கில் போட்டால் புடவை இருந்த இடமெல்லாம் ஆல்ப்ஸ் மலை. தலை, இரண்டு கை, ஒட்டியாணம் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. பக்கத்தில் மாப்பிள்ளை பத்திரமாகச் சிரிக்கிறார். சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தத் துண்டை வெட்டிவிட்டுத் தருகிறோம் என்றால், பெண் வேண்டவே வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றது. கடை டிவியில் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். தாலி கட்டும்போது, மொய் எழுதும்போது எல்லாம் இது யார், அது யார் என்று ஒரே சத்தம். பனிமலை வந்ததும் அமைதி. அப்பத்தா மட்டும் கேட்டது: "இது எந்த ஊருடி? நம்ம ஆளுக ஒருத்தரையும் காணோமே?" பெண் சட்டென்று சொன்னது: "அதுக்குத்தான் அப்பத்தா." சொன்ன வேகத்தில் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

கூட்டுக்குடும்பத்தில் ஒரு கதவு சாத்த இடமில்லாத பெண்ணுக்கு அந்தக் காலண்டர் மலை தேவைப்பட்டது. அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது. கே., உங்களுக்கு எதற்கு அது? உங்களுக்கு அங்கே தனியாக இருக்க யாரும் இல்லையே. அவள்தான் போய்விட்டாளே.

எனக்குக் கோபம் வந்தது எங்கே என்று சொல்கிறேன். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், 'நான்தான் பந்தி விசாரித்தேன்' என்று. எழுதிவிட்டு அடுத்த வரியில் கமெண்ட் பற்றிப் புலம்பப் போய்விட்டீர்கள். ஏன் தம்பி, புத்தி எங்கே போயிற்று? முறைப்பையன் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போகிறான். மாமா பின்னாலேயே வந்து 'அந்த இலைக்குக் கூட்டு வரல பாரு' என்கிறார். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்த இலைக்கு வந்து நிற்கிறான். மாப்பிள்ளை சினேகிதன் வேறு, 'போதும்டா, போதும்டா' என்று இலையில் கையை வைத்து மறிக்கிறான். அவள் நிமிர்ந்து பார்த்தாளா, பார்க்கவில்லையா? சாஸ்-ஃபே மேஜையில் நடந்தது முழுக்க உங்கள் கண் முன்னால், சாம்பார் வாடையோடு நடந்திருக்கிறது. ஓட முடியாத வீடு. சிரித்தாக வேண்டிய முகம். அதை விட்டுவிட்டு, கோட்டு வாடகைக்கு எடுத்து, மலையேறி, புல்வெளியில் போய்த் தனியாக நின்றிருக்கிறீர்கள். அவர்களிடமிருந்து கோட்டை எடுத்துக்கொண்டீர்கள், மேஜையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்.

தனியாக நிற்கிற நல்ல பனி வீடியோவே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. டெபெஷ் மோட் குழுவின் 'என்ஜாய் தி சைலன்ஸ்', 1990. கிரீடம் வைத்த ராஜா ஒருவர் மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மலை, பனி, கடற்கரை என்று நடக்கிறார். ஆனால் அவர் ஒரு அமைதியான இடத்தைத் தேடிப் போகிறார். யாரையும் நினைத்து ஏங்கவில்லை. நீங்கள் அந்த ராஜா இல்லை.

வீடியோவை நீக்கிவிடலாமா என்று கேட்டதை மறந்தே போனேன். நீக்காதீர்கள். பனி வீடியோ என்றாலே எல்லோரும் கொஞ்சம் ஏமாற்றித்தான் எடுத்திருக்கிறார்கள். யூ2 குழுவின் 'நியூ இயர்ஸ் டே'யை 1982 டிசம்பரில் ஸ்வீடன் பனியில் எடுத்தார்கள். அதில் குதிரையில் வருவது குழுவின் பாடகர்கள் நால்வரும்தான் என்று உலகமே நம்பியது. உண்மையில் முகத்தை மூடிக்கொண்டு சவாரி செய்தது உள்ளூர்ப் பெண்கள் நால்வர். அப்புறம் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' வந்த வருஷம் பிரிட்டனில் அதற்கு இரண்டாம் இடம்தான். எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பலர் சேர்ந்து பாடிய பாட்டு முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டது. அதிலும் ஜார்ஜ் மைக்கேல் பாடியிருக்கிறார், பாவம். முதலிடத்துக்கு வந்தது 2021 புத்தாண்டு அன்று. அதைப் பார்க்க அவர் இல்லை, 2016 கிறிஸ்துமஸ் அன்றே போய்விட்டார். உங்கள் பாட்டும் அப்படி வரும் என்று சொல்லவில்லை. கமெண்ட்டைப் பார்த்து ஒரே வாரத்தில் பயந்துபோக வேண்டாம் என்கிறேன்.

ஒரு வேலை சொல்கிறேன், செய்யுங்கள். அந்தக் கல்யாணத்தை எடுத்த வீடியோகிராபரிடம் வெட்டாத ஃபுட்டேஜ் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். பந்தியை அவர்கள் எப்போதும் நீளமாக எடுப்பார்கள், ஆல்பத்தில் சேர்க்க மாட்டார்கள். வாளியோடு நீங்கள் எங்காவது ஓரத்தில் நின்றிருப்பீர்கள். பாருங்கள். அந்தப் பெண் முகம் வருகிற எதையும் உங்கள் வீடியோவில் போடக்கூடாது. பார்க்க மட்டும்தான் சொல்கிறேன். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்