முளைப்பாரியும் தலைக்கட்டும்

அன்புள்ள ஐயா,

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரில் மாரியம்மனுக்குப் பங்குனியில் பொங்கல் நடக்கிறது. முளைப்பாரி வளர்ப்பதும் சுமப்பதும் பெண்கள்; காப்புக் கட்டுவதும் முதல் மரியாதை பெறுவதும் ஆண்கள். அப்பா இறந்த பிறகு அம்மாவை முளைப்பாரிக்குக்கூட அழைப்பதில்லை. பெண்ணைத் தெய்வமாகக் கும்பிடும் ஊரில் இது ஏன்? நானும் முளைப்பாரி எடுக்காமல் விலகிவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

அம்மனைக் கும்பிடும் ஊர் பெண்ணையும் மதிக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஊர் அவ்விரண்டையும் முடிச்சுப் போட்டதே இல்லை. தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் இசக்கியம்மன் கதை, வஞ்சித்துக் கொல்லப்பட்ட ஒரு பெண் தெய்வமான கதை. அநியாயமாக மாண்டவளின் கோபத்துக்கு அஞ்சிப் பீடம் எழுப்பும் ஊர், உயிரோடிருக்கும் பெண்ணின் சொல்லுக்கும் செவிகொடுக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அருள் வந்து ஆடும் மருமகள் ஊர்ப் பெரியவரை ஒருமையில் அதட்டினால், அவர் கைகட்டி நின்று ‘சொல்லு தாயி’ என்பார். சாமி மலையேறியதும் அவள் பழையபடி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கான விடையைக் கருவறையில் தேடுவதைவிட வரி நோட்டில் தேடுவது நல்லது. திருவிழா வரி பல ஊர்களில் தலைக்கட்டுக் கணக்கில்தான் விதிக்கப்படுகிறது. மணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கணவரை இழந்தவரிடம் சில ஊர்களில் பாதி வரி வாங்குவார்கள், சில ஊர்களில் வாங்கவே மாட்டார்கள். அதைச் சலுகை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வரி கொடுப்பவருக்குத்தான் ஊர்க்கூட்டத்தில் பேச்சு. காப்பு யாருக்கு, மரியாதை யாருக்கு என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன.

சட்டம் இதில் பெண்களின் பக்கம் நின்றிருக்கிறது. உசிலம்பட்டிப் பகுதியில் ஒரு துர்க்கையம்மன் கோயிலில் தந்தையின் இடத்தில் மகள் பூசை செய்வதைச் சிலர் எதிர்த்தபோது, 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர் கே. சந்துரு அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2023 ஆகஸ்டில் ஈரோடு மாவட்டக் கோயில் ஒன்றின் வழக்கில், கைம்பெண் என்பதற்காக ஒருவரைக் கோயிலுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்று நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் கூறினார்.

முளைப்பாரியை நீங்கள் விட்டுவிட வேண்டாம். வைக்கோலும் சாண எருவும் இட்ட ஓட்டில் பயறுகளை விதைத்து, வெயில் படாத அறையில் வெளிர் மஞ்சளாக முளை நீளும்வரை நீர் தெளித்து, இரவெல்லாம் கும்மியடித்துக் காக்கும் அந்த நாட்கள், திருவிழாவில் பெண்களே தங்களுக்குள் கூடி முடிவெடுக்கும் நாட்கள். யாரை அழைப்பது என்பதும் அந்த அறைக்குள் இருக்கும் பெண்களின் கையில்தான் பெரிதும் இருக்கிறது. வரும் பங்குனியில் அம்மாவின் பெயரிலும் ஓர் ஓடு வைக்க வேண்டும் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். வரி பிரிக்க வருபவர்களிடம் முழுத் தலைக்கட்டு வரியைக் கொடுத்து, ரசீதை அம்மாவின் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தை ஊர்க்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்.