இலங்கைப் பாஸ்போர்ட்டில் இந்தியா போக இ-விசா (இணையத்தில் விண்ணப்பித்து எடுக்கும் விசா): கேள்வி பதில்

அம்மாவோடு சிதம்பரம், திருச்செந்தூர் போகப் போகிறோம். 30 நாள் விசாவா, ஒரு வருடமா?

ஒரே பயணம் என்றால் 30 நாள் போதும், அதில் இரண்டு தடவை உள்ளே போகலாம். பலரும் குழம்புவது தேதியில்தான். 30 நாள் அனுமதிக் கடிதத்தில் இருக்கும் காலாவதித் தேதி திரும்பி வர வேண்டிய நாள் இல்லை, அதற்கு முன் இந்தியாவில் இறங்கிவிட வேண்டும் என்பதே பொருள். இறங்கிய நாளிலிருந்துதான் 30 நாள் கணக்கு. ஒரு வருட, ஐந்து வருட விசாக்களோ அனுமதி கிடைத்த அன்றே ஓடத் தொடங்கிவிடும், தைப்பொங்கலுக்குப் போகப் புரட்டாசியிலேயே எடுத்தால் மூன்று மாதம் வீண்.

விண்ணப்பத் தளம் படத்தை ஏற்க மாட்டேன் என்கிறது.

சதுரமாக வெட்டுங்கள். வெள்ளைப் பின்னணி, மூக்குக்கண்ணாடி கூடாது, ஜேபெக், 1 எம்பிக்குள். பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கம் பிடிஎஃப், 300 கேபிக்குள். ஃபிளாஷ் போட்டு எடுத்தால் பிளாஸ்டிக் பளபளத்து இலக்கமே தெரியாமல் போகும், பகலில் ஜன்னலோரம் வைத்து எடுங்கள்.

கூகுளில் முதலில் வந்த தளத்தில் கட்டணம் கூடுதலாக இருக்கிறதே?

மூடுங்கள். தளத்தின் பெயர் ‘ஜிஓவி டாட் இன்’ (gov.in) என்று முடியாவிட்டால் அது அரசுத் தளம் இல்லை. அசோகச் சின்னத்தை யாரும் போடலாம், முகவரியைத்தான் பார்க்க வேண்டும்.

காசு போய்விட்டது, ஆனால் கட்டவில்லை என்று காட்டுகிறது.

4 மணி நேரம் பொறுங்கள். அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள், மூன்று தடவை தோற்றால் விண்ணப்பம் முடங்கிவிடும்.

அப்பாவுக்குச் சென்னையில் இதய ஆபரேஷன். டூரிஸ்ட் விசா சுலபம் என்கிறார்கள்.

வேண்டாம் தம்பி. மெடிக்கல் இ-விசா இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியின் கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் வாங்கி இணைக்க வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் வேலை. 60 நாள், மூன்று தடவை போய் வரலாம், துணைக்கு இரண்டு பேருக்குத் தனியாக விசா உண்டு.

மேலே சொன்னதற்கு: எங்கள் ஊரில் எல்லோரும் டூரிஸ்ட் விசாவில்தான் போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறார்கள். ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பயமுறுத்தவில்லை அண்ணா. கோயிலுக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்து டாக்டரிடம் காட்டுவது வேறு, ஆபரேஷனுக்கென்றே புறப்படுவது வேறு. புண் ஆறவில்லை, இன்னும் பத்து நாள் இருங்கள் என்று டாக்டர் சொன்னால் என்ன செய்வீர்கள்? டூரிஸ்ட் இ-விசாவை நீட்டவும் முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது. வெளிநாட்டவரைப் படுக்கையில் சேர்த்தால் ஆஸ்பத்திரி குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும், எனவே எதற்காக வந்தீர்கள் என்பது மறைந்திருக்காது. நெஞ்சில் தையலோடு படுத்திருக்கும் மனிதரை வைத்துக்கொண்டு விசா அலுவலகத்துக்கு அலைய வேண்டுமா?

அப்படியானால் சும்மா செக்கப்புக்கு?

வைத்தியத்துக்கென்றே போகிறீர்கள் என்றால் கடிதம் வாங்குங்கள். நோக்கத்தை உள்ளபடி எழுதுங்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் நோயாளியோடு வீட்டார் அலைவதைப் பார்க்க முடியவில்லை.

படம் ஏறவில்லை, என்ன அளவு?

மேலே எழுதியிருக்கிறேன்.

ஆறு மாதக் குழந்தைக்கும் வேண்டுமா?

வேண்டும். தனிப் பாஸ்போர்ட், தனி விண்ணப்பம்.

முன்பு போன விசாவின் இலக்கம் கேட்கிறது. பழைய பாஸ்போர்ட்டைத் தேட வேண்டுமா?

தேடுங்கள். இலக்கம், எங்கே, எந்தத் தேதியில் கொடுத்தார்கள், எங்கே தங்கினீர்கள் என்று எல்லாம் கேட்பார்கள். இனிமேல் ஒவ்வொரு விசாவையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

கப்பலில் நாகப்பட்டினம் போக இதே விசா செல்லுமா?

இ-விசாவில் நுழையக்கூடிய விமான நிலையங்களும் துறைமுகங்களும் அரசுத் தளத்திலேயே பட்டியலாக இருக்கின்றன, அதில் பெயரைப் பார்த்த பிறகே டிக்கெட் போடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் இந்தியத் துணைத் தூதரகத்திலேயே கேட்கலாம்.

படம் எத்தனை கேபி?

ஜன்னலோரம் என்று எழுதிய பதிலைப் படியுங்கள். ‘ஜிஓவி டாட் இன்’ தளம்தானா என்பதையும் பாருங்கள்.