மலைப்பாதைக்கு எந்த வாந்தி மாத்திரை?

கேள்வி: குடும்பத்தோடு பஸ்ஸில் வால்பாறை போனோம். கிளம்புவதற்கு முன் ஒரு மெடிக்கலில் "பஸ்ல வாந்தி வராம இருக்க மாத்திரை குடுங்க" என்று கேட்டோம். ஒன்டான்செட்ரான் 4 மில்லிகிராம், பத்து மாத்திரை உள்ள அட்டையைக் கொடுத்தார்கள். பஸ் ஏறும்போது மூன்று பேர் போட்டுக்கொண்டோம். ஆழியாறு தாண்டி ஐந்தாவது வளைவுக்குள் மூன்று பேருக்கும் வாந்தி. போலி மருந்தாக இருக்குமோ? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: அந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவு மொத்தம் 40. ஐந்திலேயே இந்தக் கதி என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் போலி என்று சந்தேகிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: நல்ல மாத்திரைதான், உங்கள் வாந்திக்கானது இல்லை.

ஒன்டான்செட்ரான் 1990களின் தொடக்கத்தில், கீமோதெரபி எடுக்கும் புற்றுநோயாளிகளின் வாந்தியை அடக்க வந்தது. குடலிலிருந்து செரட்டோனின் என்ற ரசாயனம் வழியாக மூளைக்குப் போகும் தகவலை மறிப்பது அதன் வேலை. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாந்திக்கும் கேட்கும். பஸ் வாந்தி கிளம்பும் இடமே வேறு. உடம்பு ஆடுகிறது என்று உள்காது சொல்கிறது, கண்ணோ எதிர் சீட்டின் முதுகைத்தான் பார்க்கிறது. இந்தக் குழப்பத்தில் வேலை செய்பவை ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற வேறு இரண்டு ரசாயனங்கள். அவற்றை அடக்கும் புரோமெத்தசின் (கடையில் 'அவோமின்' என்றால் தெரியும்), டைமென்ஹைட்ரினேட் போன்றவைதான் பயண வாந்திக்கு உரியவை.

அதையும் ஏறும்போது போட்டால் பயனில்லை. ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். விடியற்காலைப் பயணம் என்றால் முந்தின இரவே. வாந்தி தொடங்கிவிட்டால் மாத்திரையும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். நன்றாகத் தூக்கம் வரும், வாய் உலரும். ஆகவே வண்டி ஓட்டுபவர் தொடக்கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு புரோமெத்தசின் ஆகவே ஆகாது. பெரிய பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். கண் அழுத்த நோயோ புராஸ்டேட் தொந்தரவோ உள்ள பெரியவர்களும் அப்படியே. முன் சீட், தூரத்தில் பார்வை, கையில் செல்போன் இல்லாமை, இவையெல்லாம் காசில்லா மருந்து. இஞ்சி மொரப்பாவை எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன், எனக்குப் பிடிக்கும்.

பணத்துக்கு வருவோம். ஒன்டான்செட்ரான் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். தவறு கடைக்காரர் பக்கம்தான். ஆனால் நீங்களும் சீட்டு கொடுக்கவில்லை, பில்லைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பிரித்த அட்டைக்குப் பணம் வாங்குவது கடினம். பில் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். மீதி ஏழு மாத்திரையை "அடுத்த தடவைக்கு ஆகும்" என்று வீட்டில் வைக்காதீர்கள். தலைவலி, மலச்சிக்கல் தரும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தும்கூட.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு 'கேஸ்' கேப்சூல் போடுகிறார். இப்போது குமட்டல் என்றதும் மெடிக்கலில் டோம்பெரிடோன் 10 மில்லிகிராம் மூன்று வேளைக்குக் கொடுத்தார்கள். சேர்த்துப் போடலாமா?

பதில்: முதலில் அந்தக் கேப்சூலின் பெயர் 'டி' என்று முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பெரும்பாலும் அதற்குள்ளேயே டோம்பெரிடோன் இருக்கும், பலவற்றில் 30 மில்லிகிராம். மேலே மூன்று வேளை சேர்த்தால் 60 ஆகிவிடும். 2014இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதய ஆபத்தைக் காட்டி, நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். நம் ஊரில் இந்தக் கேப்சூலை வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். சேர்த்துப் போட வேண்டாம். டோம்பெரிடோனோடு சேரக் கூடாத கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), ஃபுளுகோனசோல் (பூஞ்சைத் தொற்று மருந்து) ஏதாவது எடுக்கிறாரா என்பதையும் சொல்லி, இரண்டு அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த 'டி' இன்னும் தேவையா என்றும் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு மாத்திரை மட்டும் வெட்டி வாங்கினால் காலாவதி தேதி தெரிவதில்லையே?

பதில்: வெட்டும் முன் முழு அட்டையைக் கேட்டு வாங்கி, தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள பக்கத்தை போனில் படம் எடுங்கள். அந்த எண் பில்லிலும் இருக்க வேண்டும். "ரெண்டு மாத்திரைக்குப் பில்லா?" என்று முறைத்தால், ஆமாம், ரெண்டுக்குத்தான் என்று சொல்லி நின்றுவிடுங்கள்.