வெளிநாட்டு நிறுவனத்துக்கு இந்திய இறக்குமதி விதிகளையும் வரியையும் எப்படிப் புரியவைப்பது?

ஸ்ரீபெரும்புதூரில் கிளை தொடங்கும் கொரிய நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். இறக்குமதி வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள். சென்னையில், இறக்குமதியாளர் சார்பில் சுங்க வேலைகளை முடித்துத் தரும் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வரி விகிதத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில், இந்தியாவில் இறக்குமதியாளர் யார் என்பதை முடிவு செய்யுங்கள். "வரி உட்பட எல்லாவற்றையும் நாங்களே கட்டி, உங்கள் வாசலில் இறக்கித் தருகிறோம்" என்று தலைமை அலுவலகம் சொல்லும். இங்கே அது அப்படியே நடக்காது. சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரி போட, இறக்குமதி-ஏற்றுமதியாளர் குறியீடான ஐ.இ.சி. எண் வேண்டும், இப்போது பான் எண்தான் அந்த எண். எனவே இந்தியக் கிளையின் பான், ஐ.இ.சி., ஜி.எஸ்.டி. பதிவு மூன்றும் கைக்கு வரும்வரை சரக்கைக் கப்பலில் ஏற்ற விடாதீர்கள். ஏற்றிவிட்டால் துறைமுகத்தில் வாடகைதான் ஏறும்.

வரியை ஒரு கணக்காகவே காட்டுங்கள். சுங்கத்துறை வரி கணக்கிட எடுத்துக்கொள்ளும் சுங்க மதிப்பு 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம் என்றால் 7,500. அதன் மேல் 10 சதவீத சமூக நல சர்சார்ஜ் 750. ஆக 1,08,250. இதன் மேல், இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்றால் 19,485. மொத்தம் 27,735 என்றதும் பதறுவார்கள். அந்த 19,485 தொழிலுக்கான கொள்முதல் என்றால் பொதுவாக உள்ளீட்டு வரி வரவாக, அதாவது கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகையாகத் திரும்பிவிடும். உண்மைச் செலவு 8,250 மட்டுமே என்று விளக்குங்கள்.

அந்த 8,250-ஐயும் குறைக்க வழி உண்டு. இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தம் 2010 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பல பொருள்களுக்குச் சுங்க வரிச் சலுகை உண்டு. ஆனால் இப்படிச் சலுகை கோருவதற்கான 2020 விதிகளுக்குப் பிறகு, பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. பொருள் எப்படிக் கொரியப் பொருளாகத் தகுதி பெற்றது என்ற விவரத்தை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும். சான்றிதழில் ஒரு எச்.எஸ். எண் (பொருளை வகைப்படுத்தும் சர்வதேசக் குறியீடு), பில் ஆஃப் என்ட்ரியில் வேறு எண் என்றால் சலுகை கேள்விக்குள்ளாகும்.

அதிகம் மாட்டிக்கொள்வது விலையில்தான். தாய் நிறுவனமே கிளைக்கு விற்பதால், அந்த உறவு விலையைப் பாதித்திருக்கிறதா என்று சுங்கத்துறையின் சிறப்பு மதிப்பீட்டுப் பிரிவு விசாரிக்கலாம். விலை நிர்ணயக் கொள்கை, ராயல்டி (தொழில்நுட்பம், பிராண்டுக்கான கட்டணம்) ஒப்பந்தம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். ஒருமுறை ஒரு தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் வந்தன. இன்வாய்ஸில் "இலவசம், மதிப்பு பூஜ்யம்". அதிகாரி அசல் மதிப்பைக் கேட்டார். "இலவசமாக வந்த பொருளுக்கு ஏது சார் வரி?" என்று போனில் மேலாளர் ஆதங்கப்பட்டார். "காசு கொடுத்து வாங்கியிருந்தால் என்ன விலையோ, அதற்குத்தான் வரி சார்" என்றேன். திருத்திய இன்வாய்ஸ் வந்து சேர நான்கு நாள். அந்த நான்கு நாளும் இயந்திரம் ஓடவில்லை. அவர் குரலில் இருந்த தவிப்பு இன்னும் நினைவிருக்கிறது. வெளிநாட்டில் இன்வாய்ஸ் அடிக்கும் ஊழியரிடம் இதை ஒரு தடவை சொல்லி வைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

கொரியாவிலிருந்து கப்பலில் வரும் சரக்குக்கு, கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000. ஆகவே கொரியாவின் பூசான் துறைமுகத்தில் ஏற்றுவதற்கு முன்பே இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சான்றிதழ் மூன்றின் வரைவையும் வாங்கி, பெயர், எச்.எஸ். எண், எடை ஒத்துப்போகிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். மரப் பெட்டி, மரப் பலகை இருந்தால், பூச்சி நீக்கச் சிகிச்சைக்கான முத்திரை தெரியும்படி ஒரு படமும் அனுப்பச் சொல்லுங்கள்.