அந்தத் தீவுக்கு ஒரு நியாயம், இந்தத் தீவுக்கு ஒரு நியாயம்

கேள்வி: ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தால் சர்வதேசச் சட்ட மீறல். அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்குக்குள் புகுந்தால் விடுதலை. மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான். ஆனால் எல்லா நாடும் தன் நலனைத்தானே பார்க்கிறது? இதை இரட்டை வேடம் என்று திட்டுவதில் அர்த்தம் இருக்கிறதா? (விருதுநகரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தன் நலனைப் பார்ப்பதற்காக யாரும் திட்டவில்லை. ‘அந்த இடம் எனக்கு வேண்டும், என்னிடம் கப்பல் இருக்கிறது, எடுத்துக்கொண்டேன்’ என்று ஒரு நாடு சொல்லிவிட்டால் அது வெறும் அடாவடி. ஆனால் அப்படிச் சொல்ல எந்த வல்லரசுக்கும் வாய் வருவதில்லை. ஒரு கொள்கை வேண்டும், ஒரு சட்ட விளக்கம் வேண்டும். எடுத்த இடம் கொள்கைக்கு ஒத்துவரவில்லை என்றால் கொள்கையையும் விடமாட்டார்கள், இடத்தையும் விடமாட்டார்கள். ஒத்துவரும்படி ஊரைத் திருத்திவிடுவார்கள். உக்ரைனையும் ஈராக்கையும் தினம் படிக்கிறீர்கள். நான் இரண்டு தீவுக்கூட்டங்களைச் சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரே எஜமான், பிரிட்டன்.

முதலாவது, தென் அட்லாண்டிக்கில் அர்ஜென்டினாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபாக்லாந்து. 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா அதைப் பிடித்தது. அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 1,800 பேர். மறுநாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பிரதமர் மார்கரெட் தாட்சர் பேசினார்: அவர்கள் எண்ணிக்கையில் சிலர்தான், ஆனால் நிம்மதியாக வாழவும், தங்கள் வாழ்க்கை முறையைத் தாங்களே தேர்ந்தெடுக்கவும், யார் பக்கம் இருப்பது என்று தாங்களே முடிவு செய்யவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்றார். அருமையான பேச்சு, நான் கிண்டல் செய்யவில்லை. அந்தப் பேச்சுக்காகப் போர்க்கப்பல்கள் பாதி உலகம் தாண்டிப் போயின. 255 பிரிட்டிஷ் வீரர்களும் 649 அர்ஜென்டினர்களும் செத்தார்கள்.

இரண்டாவது சாகோஸ். கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டரில் இருக்கிறது அதன் பெரிய தீவான டியாகோ கார்சியா. தென்னந்தோப்பு வேலைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த அடிமைகளின் வாரிசுகளும், பின்னால் வந்து சேர்ந்த இந்தியக் கூலிகளின் வாரிசுகளும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். 1960களில் அமெரிக்காவுக்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு தளம் தேவைப்பட்டது, அதுவும் ஆள் இல்லாத தளம். பிரிட்டன் 1965இல் இந்தத் தீவுகளை, அப்போது தன் காலனியாக இருந்த மொரீஷியஸிலிருந்து வெட்டித் தனிப் பிரதேசமாக்கியது. அதற்கு மொரீஷியஸுக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. அமெரிக்கா தன் பங்குக்கு போலாரிஸ் ஏவுகணை விலையில் பிரிட்டனுக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் தள்ளுபடி செய்தது.

சரி, மக்களை என்ன செய்வது? ஒரு பிரதேசத்தில் நிலையான குடிமக்கள் இருந்தால் அவர்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு, ஐ.நா. கேள்வி கேட்கும். எனவே நிலையான குடிமக்களே இல்லை, எல்லோரும் ஒப்பந்தக் கூலிகள் என்று சொல்லிவிட முடிவானது. வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் எழுதிய குறிப்பில் ‘புனைகதையைக் காப்பாற்றுவது’ என்றே ஒரு துணைத்தலைப்பு இருக்கிறது. 1966இல் அத்துறையின் தலைமை அதிகாரி, கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடி யாரும் இருக்கப்போவதில்லை, பறவைகளுக்கு இன்னும் ஐ.நா.வில் கமிட்டி கிடையாது என்று நகைச்சுவை பண்ணினார். அதன் அடியில் இன்னொரு அதிகாரி, பறவைகளோடு எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாத சில டார்சான்களும் மேன் ஃப்ரைடேக்களும் (ராபின்சன் க்ரூஸோ கதையில் வரும் தீவு வேலைக்காரன்) இருக்கிறார்கள் என்று கைப்பட எழுதிவைத்தார். இவர்கள் படிக்காத முரடர்கள் இல்லை. பெயருக்கு முன்னால் ‘சர்’ போட்டுக்கொண்டவர்கள்.

1971இல் தீவில் நாய்களைக் கொன்றார்கள். சுட்டுப் பார்த்தார்கள், விஷம் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, அமெரிக்க ராணுவ வண்டிகளின் புகையை உள்ளே விட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் நாய்கள். வளர்த்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அடுத்தது தங்கள் முறையோ என்று பயந்தவர்களை அப்புறம் கப்பலேற்றுவது சிரமமாக இருக்கவில்லை. 1973க்குள் 1,500 முதல் 2,000 பேர் வரை மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிடப்பட்டார்கள். அவர்களுக்கென்று பிரிட்டன் மொரீஷியஸிடம் கொடுத்த 6,50,000 பவுண்டை அந்த அரசு 1977 வரை கையில் வைத்துக்கொண்டிருந்தது. பாதிக்கப்பட்டவனின் பெயரைச் சொல்பவர்கள் எல்லோரும் அவனுக்காகத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி தேதியைக் கவனியுங்கள். ஃபாக்லாந்தில் அர்ஜென்டினா சரணடைந்தது 1982 ஜூன் 14. சாகோஸ் மக்களுக்கு 40 லட்சம் பவுண்டு கொடுத்துக் கணக்கை முடிக்கும் ஒப்பந்தத்தில் அதே தாட்சர் அரசு கையெழுத்திட்டது ஜூலை 7. இடையில் மூன்றே வாரம். திரும்பிப் போகும் உரிமையைக் கைவிடுகிறோம் என்று ஆங்கிலத்தில் எழுதிய காகிதங்களில், கிரியோல் மட்டுமே பேசத் தெரிந்தவர்களிடம் கைநாட்டு வாங்கினார்கள். இங்கேயும் எண்ணிக்கையில் சிலர்தான். ஆனால் நாடாளுமன்றத்தில் அந்தப் பேச்சை யாரும் பேசவில்லை. பிற்பாடு அதே டியாகோ கார்சியாவிலிருந்து, ஈராக் மக்களுக்கு விடுதலை வாங்கித்தர, குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2021 அக்டோபரில் கனடாவுக்குப் போகப் புறப்பட்ட ஈழத்தமிழர்களின் மீன்பிடிப் படகு ஒன்று டியாகோ கார்சியாவில் கரைசேர்ந்தது. அவர்களைக் கூடாரங்களில் வைத்தார்கள். பிரிட்டன் கையெழுத்திட்ட அகதிகள் உடன்படிக்கை அந்தத் தீவுக்குப் பொருந்தாது என்றது லண்டன். தளம் நடத்தும்போது அது பிரிட்டிஷ் மண். அடைக்கலம் கேட்டு ஒருவன் வந்தால் வேறு எங்கோ! அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வர 2024 டிசம்பர் ஆனது.

திட்டுவதில் அர்த்தம் உண்டா என்று கேட்டீர்கள். 2000ஆம் ஆண்டு சாகோஸ்காரரான ஒலிவியே பான்கூல், எங்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்காடி ஜெயித்தபோது, அவர் தரப்புக்குக் கைகொடுத்தவை நான் மேலே சொன்ன அதே குறிப்புகள்தான். வெறும் அடாவடிக்காரன் கோப்பு வைத்துக்கொள்வதில்லை. நியாயவான் வேஷம் போடுகிறவன்தான் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறான். பிறகு 2004இல் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே மன்னர் பெயரில் உத்தரவு போடும் பழைய விசேஷ அதிகாரத்தைத் தூசி தட்டி எடுத்து அந்த வெற்றியைப் பறித்தார்கள் என்பதும், பிரபுக்கள் சபை நீதிபதிகள் 2008இல் மூன்றுக்கு இரண்டு என்று அதை ஏற்றார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் 2019இல் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று கருத்துச் சொன்னது. ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம் நின்றன, எதிர்த்தவை ஆறு. 2025 மே மாதம் தீவுகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதிலும் டியாகோ கார்சியாவுக்கு 99 வருடக் குத்தகை. அங்கே பிறந்தவர்கள் அங்கே குடியேற வழியில்லை.

அந்த 116இல் இந்தியாவும் உண்டு. நல்லது. ஆனால் மொரீஷியஸுக்குச் சொந்தமான அகலேகா என்ற இன்னொரு தீவில் இந்தியா கட்டிய விமான ஓடுதளமும் இறங்குதுறையும் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டன. அங்கே இருப்பவர்கள் சுமார் 300 பேர். ராணுவத் தளம் இல்லை என்று இரண்டு அரசுகளும் சொல்கின்றன. யாரையும் வெளியேற்றவும் இல்லை. ஆனால் சாகோஸ் கதை தெரிந்த அந்த ஜனங்களுக்குப் பயம் இருக்கிறது. லண்டனைத் திட்டும் நாம், அந்த 300 பேரிடம் யார் என்ன கேட்டார்கள், அவர்களுக்கு என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று டெல்லியிடமும் கேட்கலாம். உங்கள் தொகுதி எம்.பி.யிடமிருந்தே ஆரம்பியுங்களேன்.