“இந்தப் பிள்ளைகளுக்கு ஆயுசு கம்மியா, டாக்டர்?”

கேள்வி: என் மகனுக்கு 26 வயது, டவுன் சிண்ட்ரோம். ஆடு ஓட்டிக்கொண்டு போய் வருவான். ஆறு மாதமாகத் தூங்கி வழிகிறான், எடை ஏறுகிறது, பேச்சே குறைந்துவிட்டது. “இவர்களுக்கு ஆயுசு கம்மி, இப்படித்தான் ஆகும்” என்கிறார்கள். உண்மையா? – ஒரு தாய், பாலக்கோடு

பதில்: இல்லை அம்மா. ஆடு ஓட்டியவன் இப்போது எழுந்திருக்கவே சோம்புகிறான் என்றால், அது பிறவிக் குறைபாட்டின் குணம் அல்ல. உடம்பில் புதிதாக ஏதோ நடக்கிறது.

எனக்கு முதல் சந்தேகம் தைராய்டு மேல்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது மிகச் சாதாரணம். நீங்கள் எழுதியிருக்கும் அத்தனையும் அதனால் வரலாம். டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சுரப்பு குறைவு என்றால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். அது சரியாக இருந்தாலும் வருடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், இரவில் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறானா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் பகலில் தூக்கம் வரத்தான் செய்யும். காதையும் சோதிக்க வேண்டும். சரியாகக் கேட்காவிட்டால் பேச்சு தானாகக் குறையும். மனச்சோர்வும் இவர்களுக்கு வரும். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் இதுவரை எடுத்ததில்லை என்றால் இப்போது எடுத்துவிடுங்கள். டவுன் சிண்ட்ரோமில் ஏறக்குறைய பாதிப் பேர் இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள்.

ஆயுசுக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1983-இல் இவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25. இன்று 60-ஐ ஒட்டி நிற்கிறது. சிகிச்சை கிடைத்தது, ஆயுள் நீண்டது. மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தில் 2013-இல் வெளியான ஒரு விசாரணையின்படி, டவுன் சிண்ட்ரோம் உட்பட அறிவுசார் குறைபாடு உள்ள ஆண்கள் மற்றவர்களைவிட 13 ஆண்டும் பெண்கள் 20 ஆண்டும் முன்பே இறந்திருந்தார்கள். நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் நேர்ந்த தாமதம் அதில் பெரிய பங்கு வகித்தது. “அவன் அப்படித்தான்” என்ற பேச்சு உயிரையே வாங்கும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். “ஆறு மாதத்துக்கு முன் இப்படி இல்லை” என்பதை முதலில் சொல்லுங்கள். பழைய வீடியோ போனில் இருந்தால் காட்டுங்கள். அவனால் சொல்ல முடியாததை அது சொல்லும். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டுக்கு வரும்போது உங்களோடு அவனுக்கும் பிரஷர், சுகர் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கும் ‘நிராமயா’ காப்பீடு பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

நடை தள்ளாடினாலோ, கையில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் தன்னையறியாமல் போனாலோ, அன்றே கிளம்புங்கள். கழுத்தெலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கலாம்.