கொள்ளைநோயின் சுமை எல்லோருக்கும் ஒன்றுதானா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கிருமி ஏழை, பணக்காரர் என்று பார்ப்பதில்லையே. பிறகு எப்படிச் சிலருக்கு மட்டும் பாதிப்பு கூடும்?

பதில்: கிருமி பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது ஒருவரை எட்டுவதும், எட்டிய பின் உடல் தாங்குவதும், தாங்காதபோது சிகிச்சை உரிய நேரத்தில் கிடைப்பதும் பெருமளவு வாழ்க்கைச் சூழலைப் பொறுத்தவை. ஒரே அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், அவரைத் தனியே படுக்க வைக்க இடமிருக்காது. அன்றாடக் கூலியை நம்பியிருப்பவரோ இருமலோடு வேலைக்குப் போவார். 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா 8,000 பேருக்கும் மேல் பலிகொண்டது. அந்நகரின் கழிவு கலந்த எல்பே ஆற்று நீரையே எடுத்தும், மணலில் வடிகட்டி வழங்கியதால், அடுத்திருந்த ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. இரு நகரங்களின் எல்லையாக இருந்த தெருவில்கூட, ஹாம்பர்க் பக்கத்து வீடுகளில் நோய் இருந்தது, எதிர்ப்பக்கத்தில் இல்லை. ஹாம்பர்க்குக்குள்ளும் ஏழைகளே அதிகம் மாண்டனர்.

கேள்வி: இரு மக்கள் பிரிவுகளில் இறந்தவர்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால், சுமையும் சமம்தானே?

பதில்: இல்லை. மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்ற விகிதத்தைப் பாருங்கள். 1918 இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயின்போது பம்பாயில், அன்று தாழ்த்தப்பட்டோராகக் கணக்கிடப்பட்ட சாதியினரிடையே ஆயிரத்துக்கு 61.6 பேரும், ஐரோப்பியரிடையே 8.3 பேரும் இறந்ததாகப் பதிவாகியுள்ளது; இந்த இடைவெளி என்னை இன்றும் உலுக்குகிறது. வயதையும் சரிசெய்தே ஒப்பிட வேண்டும். முதியோரை அதிகம் கொல்லும் நோயில், இளைஞர் மிகுந்த பிரிவின் மொத்த விகிதம் குறைவாகத் தெரியலாம். ஒரே வயதினரை ஒப்பிட்டால்தான் மறைந்திருந்த சுமை வெளிப்படும்.

கேள்வி: எல்லா வேறுபாட்டையும் சமூக அநீதி என்று சொல்லிவிடலாமா?

பதில்: கூடாது. வயது, கர்ப்பம், முன்பே உள்ள நோய்கள் ஆகியவை உடல் சார்ந்தவை. 1918இல் 20 முதல் 40 வயதுடையோர் வழக்கத்துக்கு மாறாக மிகுதியாக இறந்ததை வறுமையால் மட்டும் விளக்க இயலாது.

கேள்வி: பிரிவுவாரியாகப் புள்ளிவிவரம் வெளியிட்டால் அந்த மக்கள் மீதே பழி விழாதா?

பதில்: இந்த அச்சம் நியாயமானது. 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைத் தாக்கிய பிளேக் எனும் பெருங்கொள்ளைநோய்க் காலத்தில் கிணறுகளில் நஞ்சிட்டதாக யூதர்கள் மீது பழி சுமத்தி, 1349இல் ஸ்ட்ராஸ்பூர்கில் அவர்களை எரித்துக் கொன்றனர். அதற்காகக் கணக்கையே எடுக்காவிட்டால், எந்தப் பகுதிக்கு முதலில் குடிநீரும் மருத்துவரும் போக வேண்டும் என்பதே தெரியாமல் போகும். ஆகவே விகிதத்தை வெளியிடும்போதே நெரிசல், தொழில், குடிநீர் போன்ற காரணங்களையும் அதே பக்கத்தில் சேர்த்து அச்சிட வேண்டும் என்பதே என் கருத்து.